நடுநிலைச் சாம்பல்

ஃபர்வானியாவில் மளிகைக்கும் மணி எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே
ஒன்பதடி அகலம் எங்கள் ஸ்டுடியோ.
தூசு எழும் நாட்களில்
எடுத்த படமெல்லாம்
சுலைமானியில் முக்கியெடுத்த துணிபோல இருக்கும்.
அதை அலசித் தருவதற்கு எனக்குச் சம்பளம்.

வேலை எளிது.
படத்துக்குள் நிறமே இல்லாத பொருள் ஒன்றைத் தேட வேண்டும்.
சொட்டுக்குழாய்க் குறியை அதன்மேல் வைத்து
ஒரு அழுத்து.
சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும்
ஒரே எண்ணில் வந்து நின்றால்
மற்றதெல்லாம் தானாகத் தன் நிறத்துக்குப் போய்விடும்.

தேடுவதுதான் பாடு.
வெள்ளைச் சட்டையை நம்பக் கூடாது,
சொட்டு நீலம் போட்டு அலசியிருப்பார்கள்.
மஞ்சளை அமுக்க நீலம்:
என் தொழிலை வாளியில் செய்பவர்கள்.
சுவர் ஆகாது. பல் ஆகவே ஆகாது.
லிஃப்ட் கதவு, காய்ந்த சிமெண்ட்,
ஏதாவது ஒரு எவர்சில்வர்.

மஹ்பூலா கேம்பில் ஒருவர் ஊருக்குப் போகிறார்,
ஆறு பேரும் சேர்ந்து படம் வேண்டும் என்றார்கள்.
மே மூன்று, இரவு, சாப்பாட்டுக் கூடம்.
நான்தான் எடுத்தேன்.
ஒரு பக்கம் ட்யூப்லைட், பச்சை பூத்தது.
இடது ஓரத்தில் ஒரு குண்டு பல்பு.

கடைக்கு வந்து
சாம்பார் வாளியின் மூடியில் குறியை அழுத்தினேன்.
ஐந்து முகங்கள் தெளிந்தன.
ஆறாவது, இடது ஓரம், பிச்சைக்கனி,
அப்படியே மஞ்சள்.
பல்பு அவர்மேல்தான் விழுந்திருக்கிறது என்று
அவரை மட்டும் கோடிழுத்துப் பிரித்து
கண்ணின் வெள்ளையில் குறியை வைத்தேன்.
கண்வெள்ளை வெள்ளையல்ல என்பது தெரியும்.
மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அழுத்தினேன். வெளுத்தது.
"அடிபொளி" என்றார் முதலாளி வர்க்கிச்சன்.
ஆறு பிரதி.

நாலு வாரம் கழித்து வந்தார்.
பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.
ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி
படத்தை மேசையில் வைத்தார்.
"பதினோரு நாள் சம்பளத்தப் பிடிச்சுட்டான் தம்பி.
நான் நடிச்சேனாம்.
மூணாந்தேதியே எனக்கு இருந்துச்சுன்னு காட்டணும்.
இதுல நான்
கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்."

காமாலைக்காரன் கண்ணுக்குக்
கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.
காமாலையைப் பார்த்து
பல்பு என்று நினைத்தது அது.

கோப்பைத் திறந்தேன்.
எல்லாவற்றையும் கலைக்கவில்லை.
மற்ற ஐவரும் சரியாக இருந்தால்தான்
இவர் மஞ்சள் மஞ்சளாகும்.
அவரைச் சுற்றி நான் இழுத்த கோட்டை மட்டும் எடுத்தேன்.

திரையில் வந்தது.
முதலில் கன்னம், பிறகு
காதோரம். கண்ணில் நின்றது.
பல்பைச் சந்தேகித்துப் பின்சுவரையும் பார்த்தேன்:
அதில் கொஞ்சம்தான், வாளி மூடியில் சுத்தமாக இல்லை.

அவரும் பார்த்தார், வெகுநேரம்,
வேறு யாரோ ஒருவருடைய எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல.
"இன்னுங்கொஞ்சம் மஞ்சளாக்க முடியுமா?"

முடியும்.
ஐந்து புள்ளி போதும்,
எந்த மேனேஜருக்கும் வித்தியாசம் தெரியாது.
கை தானாக அந்தப் பட்டையின்மேல் போய் நின்றது.
ஒருமுறை தள்ளிய கைதான்.

மூடியின்மேல் குறியை வைத்து எண்களைப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்தொன்று.
நூற்று முப்பது.
"உள்ளதே போதும்ணே" என்றேன்.
யாருக்குப் போதும் என்று அவர் கேட்கவில்லை.

பிரிண்டர் கீழிருந்து மேலாகத் தள்ளியது:
செருப்புகள், வாளி, ஆறு சட்டை, பிறகு முகங்கள்.
பின்புறம் தேதி எழுதி முத்திரை வைத்தேன்.
"இதுக்கும் கால் தினாரா?"
ஆமாம் என்றேன்.
சில்லறையாக எண்ணி வைத்தார்.
மேசை விளக்கில்
அந்தக் காசுகள் என்ன நிறம் என்று
என்னால் சொல்ல முடியவில்லை.