தண்ணீர்க் கழிவு

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் எனக்கு இது ஒன்பதாம் நாள்.
புதிய துணை விமானிக்கு முதல் வேலை
பறப்பதல்ல:
மிதவைக்குள் கசிந்த தண்ணீரைக்
கைப்பம்பால் இறைத்து எண்ணுவது.
இன்று பதினேழு இழுப்பு.

பிறகு தராசு.
பையோடு பயணிகளும் ஏறி நிற்கிறார்கள்.
"நனைந்த ஜாக்கெட், கழற்றட்டுமா?"
வேண்டாம்,
ஈரமும் பறக்கத்தானே போகிறது.
அப்படியே எழுதுகிறேன்.

அக்கரை மடுவத்தில் இந்நேரம்
அம்மாவின் கொழுந்து நிறுபடும்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
கழித்துத்தான் துண்டில் ஏறும்.

என் சம்பளத் துண்டிலும் கழிவு உண்டு:
பயிற்சிக் கடன்,
இன்னும் எண்பத்துமூன்று மாதம்.

கப்டன் தொடங்கொட தாளைப் பார்க்கிறார்,
ஒப்பமிடுகிறார்,
"நீயே எடு" என்கிறார்.

விசையைத் தள்ளுகிறேன்.
தண்ணீர் விடமாட்டேன் என்கிறது,
மடுவத்தின் தகரக்கூரை நேரே வருகிறது,
இன்னும் விடவில்லை,

விட்டது.