அரை வாட்

புளியரை எடைமேடையில் பகல் முழுக்க
கேரளா போகும் ஜல்லியை
டன் கணக்கில் எழுதுகிறவன் நான்.
ராத்திரிக் கணக்கு வேறு.

செத்த சி.எஃப்.எல் பல்பின் வயிற்றிலிருந்து எடுத்த
ஃபெரைட் வளையம், சுண்டுவிரலுக்கும் சிறிது.
அதில் எனாமல் கம்பி, பதினான்கு சுற்று.
ஒன்பதில் ஒரு டாரஸ்காரன் ஹாரன் அடித்தான்.
அவிழ்த்தேன்.
ஒன்று.

ஈயம் மங்கலாக இறுகினால் பொய் ஒட்டு.
புது மீனின் கண் மாதிரி மினுங்க வேண்டும்.
ஆண்டெனா இருக்க வேண்டிய இடத்தில்
டார்ச் பல்பை மாட்டிச் சாவியை அழுத்தினேன்.
உள்ளே சிவப்பாய் ஒரு நரம்பு.
அரை வாட்.
கொசுவத்தி நுனியோடு போட்டி போடலாம்.

மாடியிலிருந்து தென்னைக்குக் கம்பி இழுத்தேன்,
ஆரியங்காவுக் காற்று இரண்டு முறை அறுத்தது.
தென்மலையில் குஞ்ஞுமோன்
ஹெட்போனோடு காத்திருந்தான்.
முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.
அழைத்தேன். அழைத்தேன்.
போனில் சொன்னான்: "ஒந்நும் கேட்டில்லடா."

ஏழு மெகாஹெர்ட்ஸ் ராத்திரியில் அப்படித்தான்,
அடுத்த வீட்டைத் தாண்டிக் குதித்துவிடும்.
தெரியும்.
தெரிந்தும் மூஞ்சி தொங்கிப்போனது.

அணைக்கக் கை போனபோது
இரைச்சலுக்கு அடியில் யாரோ
என் அழைப்புக்குறியைத் தட்டுகிறார்கள்,
கடைசி எழுத்து மட்டும் தப்பாக.
திப்ருகர். பெயர் பருவா. இங்கே மழை.
திருத்தி அனுப்பினேன்.
மறுபடியும் தப்பாகவே விடைபெற்றார்.

காலையில் முதல் லாரி. முப்பத்தொன்று நானூறு.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டிரைவர்
"சார், ஓரத்துல என்ன இது,
புள்ளியும் கோடுமா?" என்றான்.