ஐந்தாவது வரி

தாளில் ஐந்து வரிகள் இருந்தன.
டார்க்கில் அதை மேசைமேல் விரித்து
தேநீர்க் கோப்பையை ஒரு மூலையில் வைத்தான்,
விட்டால் பறந்துவிடும் என்பதுபோல.
வெளியே பிப்ரவரி. மழை பக்கவாட்டில் பெய்தது;
வடக்கு யூயிஸ்ட்டில் மழைக்கு வேறு மாதிரி பெய்யத் தெரியாது.

"நன்றாகத்தானே ஓடுகிறது" என்றேன்.
"ஓடும். நிற்கவும் வேண்டுமே."

முப்பத்தெட்டு வயது லேண்ட்ரோவர்.
நேற்றுகூட, கடல் வற்றிக் கிடந்த இரண்டு மணி நேரத்தில்
ஈரமணலைக் கடந்து எதிர்த்தீவுக்குப் போய்
ஆறு செம்மறிகளை ஏற்றி வந்தது.
மூன்றாவது கியரில் முனகும், உண்மைதான்.
என் முழங்காலும்தான் முனகுகிறது.
என்னை யாரும் ஆண்டுக்கொரு முறை
தூக்கி வைத்துத் தட்டிப் பார்ப்பதில்லை.

"வா, காட்டுகிறேன்."

லிப்ட்டில் என் தலைக்கு மேலே நின்றது.
பத்தொன்பது வருடமாய் ஓட்டுகிறேன்,
அதன் வயிற்றைப் பார்த்தது அன்றுதான்.

முதல் வரி, முகப்பு விளக்கு.
வானத்தைப் பார்க்கிறதாம்.
விளக்கின் மேல் குற்றமில்லை. பின்பக்க ஸ்பிரிங் படுத்துவிட்டதால்
மூக்கு நிமிர்ந்துவிட்டது.
வசந்தம்தோறும் பார்லி வயலுக்கு
சொட்டச் சொட்டக் கடற்பாசி ஏற்றியவள் நான்.
அஞ்சல் வேன் ஓட்டும் மோராக்
இரண்டு குளிர்காலமாய் என்னோடு ஏன் பேசவில்லை என்பது
அந்த இடத்தில்தான் விளங்கியது.

இரண்டாவது, பிரேக் குழாய்.
நகத்தால் கீறினான்,
மீன் செதில்போல உதிர்ந்தது.
மூன்றாவது, ஸ்டியரிங் மூட்டில் ஆட்டம்.
அவன் சக்கரத்தை உலுக்க
அது இரண்டு மனத்தோடு அசைந்தது.

நான்காவதுக்கு என்னிடமே பதில் இருந்தது.
கியர்பெட்டி எண்ணெய் கசிந்து
ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள் போயிருந்தது.
பிடிக்க வேண்டிய இடம் வழுக்கியது.
வாங்கிய நாள் முதல் கசிகிறது அது, எங்கெங்கிருந்தோ.
வாசலில் அதற்கென்றே ஒரு பழைய இறைச்சித் தட்டு வைத்திருக்கிறேன்.
நான் திட்டாத கெட்ட வார்த்தை கேலிக்கில் மிச்சமில்லை.

பிறகு சின்னச் சுத்தியலை எடுத்தான்.
முன்பக்கச் சட்டத்தில் தட்டினான்: டங், டங்.
நடுவில்: டங்.
பின்னால்,
பளபளவென்று கருப்பாய், புதிதுபோல் இருந்த இடத்தில்,
தொப்.
இன்னொரு முறை தட்ட, சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது.
கருப்புத் தோல் மட்டும் தொங்கியது.
பழுப்பாய் ஒரு கை அள்ளும் தூள் கீழே விழுந்தது, ஈரமாய்.

"யார் தார் பூசியது?"

லாக்லன். என் தம்பி.
மேய்ச்சல் நிலத்துக்காக நான்கு வருடம் பேசாமல் இருந்தவன்,
மூன்று கோடைக்கு முன்னால் கிளாஸ்கோவிலிருந்து வந்தான்.
மன்னிப்பு என்ற சொல்லை அவன் வாய் அறியாது.
டப்பாவும் தூரிகையுமாய் வண்டிக்கடியில் படுத்தான்.
இரண்டு நாள். காலணி மட்டும் வெளியே தெரியும்.
"இனி உப்பு உள்ளே நுழையாது" என்றான்.

நுழையவில்லை.
ஏற்கெனவே நுழைந்திருந்தது வெளியேறவும் இல்லை.
"கழுவிக் காயவைக்காமல் பூசிவிட்டான்" என்றான் டார்க்கில்,
யாரையும் குறை சொல்லாத குரலில்.
"முன்பக்கம் பார். உன் ஓட்டை எஞ்சின்
பத்தொன்பது வருடமாய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறது.
ஒரு பொட்டுத் துருவில்லை."

நான் பேசாமல் அந்த எண்ணெயைத் தொட்டுப் பார்த்தேன்.
விரல் கருத்தது.
நான்காம் வரியில் என்னைத் தோற்கடித்ததும் அதுதான்.

வெல்டிங்குக்கு மூன்று வாரமாம்.
அதுவரை ஓட்டக் கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட.
பக்கத்தில் தெரு ஏது இங்கே என்று கேட்கத் தோன்றியது.
வீட்டுக்கு மோராக்கின் வேனில்தான் வந்தேன்,
பார்சல்களுக்கு நடுவே. விளக்கைப் பற்றிச் சொன்னேன்.
"ம்" என்றாள்.

ஞாயிறு மாலை லாக்லன் போன் செய்தான்.
"பாஸா?"
தாளை எடுத்து வாசித்தேன்.
விளக்கு. குழாய். மூட்டு. ஹேண்ட்பிரேக்.

"அவ்வளவுதானா? அடியில் எப்படியிருக்கிறது,
நான் பூசின இடம்?"

கோப்பை வைத்த வட்டக் கறை
ஐந்தாவது வரியின் பாதியை மூடியிருந்தது.

"கருப்பாக இருக்கிறது" என்றேன்.