பாதிக்குப் பாதி

வீடு அவனுக்கு. நாய் எனக்கு.
ட்ரக்கை விற்றுப் பிரித்துக்கொண்டோம்.
கடைசியில் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"இதென்ன, இருநூறு பித்தளை உறை?"
ஓரெஸ்ட் சொன்னான்: ஒரே தொகுதி, ஒரே நாளில் வாங்கியது,
இனிமேல் கிடைக்காது.
நான் சொன்னேன்: எண்ணிப் பிரிக்கலாம்.
அன்று நாங்கள் சண்டை போடாத
ஒரே விஷயம் அதுதான்.

ஆல்பர்ட்டாவில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பது.
கராஜ் ஹீட்டரின் சூடு முழங்காலோடு நின்றுவிடும்.
பகலெல்லாம் பல்லுக்கு மூடி செய்கிறவள் நான்,
முகம் தெரியாதவர் வாயில் பொருந்துவதற்காக
மயிரிழை மயிரிழையாய்ச் சுரண்டுகிறவள்.
ராத்திரியும் வாய்கள்தான்.

உறைக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, தோள் உண்டு.
தலை என்கிறார்களே, அது அடியில் இருக்கிறது.
எவனோ தலைகீழாய் நின்று பெயர் வைத்திருக்கிறான்.

ஏழு மில்லிமீட்டர் கழுத்தை ஆறரைக்கு இறுக்க வேண்டும்.
கம்பளிக் கொழுப்பை விரல் நுனியில் தொட்டுத்
தடவலாம், அப்பக் கூடாது.
கூடினால் தோளில் குழி.
குறைந்தால் அச்சுக்குள் மாட்டிக்கொண்டு
நடுராத்திரி வரை வெளியே வராது.
முதல் வாரம் இரண்டுமே நடந்தது.

இறுக்கிய பித்தளை
மெல்லப் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும்.
அதற்குத்தான் நெருப்பு.
விளக்கை அணைத்து, நீலச் சுடரில் கழுத்தைச் சுழற்றி
ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
மங்கலாய் ஒரு சிவப்பு
வந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும்போதே
எடுத்துவிட வேண்டும்.
நிச்சயமாக வந்துவிட்டால் உறை கெட்டது.

பிறகு சீவல்.
ஒரு பக்கம் தடித்த கழுத்து
குண்டைக் கோணலாய் அனுப்பும்.
கத்தி தொட்டதும் மஞ்சள் சுருள்கள் உதிரும்.
காலடியில் படுத்திருந்த நாயின் முதுகிலிருந்து
அவற்றைச் சீப்பால் வாரி எடுத்தேன்.

தராசில் நூறும் ஏறி இறங்கின.
மூன்று எடை குறைவு, ஒதுக்கினேன்.
அவன் பங்கில் எத்தனை தேறியிருக்கும்
என்று நினைத்தேன்தான், மறைப்பானேன்.

ஜூலை. ஆயிரம் கெஜம்.
இருபுறமும் கனோலா பூத்துக் கண் கூசியது.
குலுக்கலில் எனக்குப் பதினேழாம் இலக்கு,
அவனுக்குப் பதினெட்டு.
பாயும் பாயும் உரசுகிற தூரம்.
"காற்று திரும்புது, பார்த்தியா?"
"எனக்கும் கண் இருக்கு."

எட்டாவது தோட்டா.
கொடிகள் தொங்கின, எழுந்தன, மறுபடி தொங்கின.
முழங்கையை நகர்த்தி வைத்து மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
விரல் இழுத்ததுமே தெரிந்துவிட்டது, நடு.

என் இலக்கு அசையவில்லை.
பதினெட்டு இறங்கியது.
திரும்ப ஏறியபோது அதில் இரண்டு துளை:
ஒன்று வட்டத்துக்கு வெளியே, நாலு.
இன்னொன்று நடுவுக்கும் நடு.

புள்ளி எழுதிய ஃபெர்கஸ் ட்வீட்
தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டம் சொன்னார்:
ஒரே இலக்கில் இரண்டு விழுந்தால்
நல்லது இலக்குக்காரருக்கு.
மாற்றிச் சுட்டவருக்குப் பூஜ்யம்.
"மன்னிக்கணும், லியூபா."
பென்சில் முனை வட்டம் போடும் சத்தம்கூடக் கேட்டது.

ஓரெஸ்ட் காதுமூடியைத் தூக்கினான்.
சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
"எத்தனை நொடி காட்டின?"
"எதை?"
"நெருப்பில்."
சொல்லக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன்.
"ஆறு."
"நான் அஞ்சுன்னு நெனச்சேன்," என்றான்,
என் பத்துப் பைசா புத்திக்குக் கிடைத்த
அந்த நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே.

போல்ட்டை இழுத்தேன்.
உறை உள்ளங்கையில் விழுந்து சுட்டது.
கழுத்து நேராக, தோளில் ஒரு பொட்டுக் கரியில்லை.
பெட்டியில் அதன் குழியில்
வாய் கீழாக வைத்தேன்.

ஒன்பதாவது.
தொலைநோக்கியில் எண் பலகையைத் தேடி
பக்கத்துப் பாய்க்கும் கேட்கும்படி
படித்தேன்:
ஒன்று. ஏழு.