அடிக்கப்படாத பக்கம்

மாதத்துக்கு ஆறு மார்க்கர் தருவார்கள்.
ஜூலையில் பதினெட்டு கேட்டு எழுதினேன்,
காரணம் என்ற கட்டத்தில் "பணி" என்று போட்டு.

டோல்னி பிரியாக் நகராட்சி, மூன்றாம் மாடி,
வெந்நீர்க் குழாய் முனகும் அறை.
ஆவணக் காப்பாளர் என்கிறது கதவுப் பலகை.
பார்ப்பது கறுப்படிக்கும் வேலை.

ஜூனில் ஒரு ராத்திரி ஆறு
தன் மீன்களையெல்லாம் வயிறு மேலாகக்
கரையில் கொண்டுவந்து போட்டது.
பெயின்ட் ஆலையின் சங்கு மறுநாளும்
ஆறு மணிக்கே ஊதியது.
ஆய்வகத் தாள்கள் நாற்பத்தொன்று வந்தன.
பின்னாலேயே ரதோஸ்வெதா வந்தாள்.

இரண்டே தாள் வாரப் பத்திரிகை.
எழுதுவதும் அவள், சந்தா வசூலும் அவள்.
மழைக்கோட்டுப் பையில் சட்டப் புத்தகம்,
ஓரமெல்லாம் நைந்து.
"பதினான்கு நாள்" என்றாள்,
கடன் கொடுத்தவர் கெடு சொல்வதுபோல.

தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.
எங்கள் நாட்டில் அது இல்லை.
பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆம்.
வெளிநாட்டார் தடுமாறுவார்கள்.
அவள் இந்த ஊர்.
"எழுதித் தாருங்கள்" என்றாள்.

எழுதித் தந்தோம், பதினான்காம் நாள்,
மாலை நாலரைக்கு, முத்திரையோடு.
எண் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
எழுத்தில் "மற்றும்" மிஞ்சியது,
"மேற்கண்டவாறு" மிஞ்சியது,
கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே
ஒரு காற்புள்ளி,
எதைப் பிரிக்கிறோம் என்று தெரியாமல்.
வணிக ரகசியம் என்றது உடன்கடிதம்.
ஆறு யாருடைய வணிகம் என்று அதில் இல்லை.

ஜன்னலுக்குப் போய்
வெயிலில் தாளைத் தூக்கிப் பிடித்தாள்.
எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.
அதனால் அடித்த தாளை நகலெடுத்து
நகலைத்தான் தருவேன்.
தொழிலில் நான் சுத்தம்.

படியிறங்குமுன் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்:
"தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை வாங்குகிறோம்,
அதைக் கேளுங்கள், தாராளமாகத் தருவோம்."
கேலிதான்.
கேலிதானா என்று பிறகு
பல ராத்திரி என்னையே கேட்டிருக்கிறேன்.

வீட்டில் ஸ்லாத்கா,
பீன்ஸ் ஊறவைக்கக் குழாயைத் திறந்தபடி,
"விரலில் என்ன மை?" என்றாள்.
"வேலை" என்றேன்.
படிக்காமல் மறைக்க முடியாது.
மறைப்பவன் ஒருவன் படித்துவிடுவான் என்பதை
அந்தச் சட்டம் எழுதியவர்களும் யோசிக்கவில்லை,
அதை உடைக்கிறவர்களும் யோசிக்கவில்லை.
கிண்ணம் நிறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை புது மனு:
சில்லறைச் செலவுகள், மே முதல் ஆகஸ்ட் வரை.
"சர்க்கரைக் கணக்கா? கொடுத்துத் தொலை"
என்றார் துணைச் செயலர், நிமிராமல்.

சர்க்கரை. எலுமிச்சை. ட்யூப்லைட் நான்கு.
மேயர் அறைத் திரைக்குக் கொக்கிகள்.
மே மாதத்தில் தண்ணீருக்குச் செலவு: இல்லை.
ஜூன் ஒன்பது முதல்
மலை ஊற்றுநீர், பத்தொன்பது லிட்டர் கேன்,
வாரம் முப்பத்திரண்டு,
மூன்று மாடிக்கும்.

மார்க்கர் மூடி திறந்துதான் இருந்தது.
அடி என்று யாரும் சொல்லவில்லை.
முனை காய்கிறவரை
வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரே ஒரு வரியில் விரல் வைத்து
"இது சரியான கணக்கா?" என்றாள்.
பக்கவாட்டில் ஆட்டினேன்.
அறையில் வேறு யாரும் இல்லை.

வெள்ளியன்று முதல் பக்கம் முழுக்க
அந்த ரசீது.
தலைப்பு இல்லை. கட்டுரை இல்லை.
கேன் கொண்டுவந்தவனின் கையெழுத்துகூட
கீழே கோணலாக அப்படியே.

திங்களன்று சுற்றறிக்கை வந்தது:
இனிச் சில்லறைச் செலவும் பரிசீலனைக்கு உட்பட்டது.
மார்க்கர் முப்பதாக உயர்த்தப்பட்டது.
கேன் இன்னும் அதே மூலையில் இருக்கிறது.
குடிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம்
கதவைச் சாத்திவிட்டுக் குடிக்கிறார்கள்.

அந்த வெள்ளி இரவு
மேசையில் ரொட்டி மட்டும் இருந்தது.
தட்டுக்குப் பக்கத்தில் மடித்த பத்திரிகை.
ஸ்லாத்கா கத்தவில்லை.
"கிரும், உனக்கு முன்பே தெரியுமா?"
என்று மட்டும் கேட்டாள்.

கழுத்து எந்தப் பக்கமும் நகரவில்லை.