நாலு நிமிஷம்

"ஸ்டேஷனுக்கு நாலு நிமிஷம்" என்றார்
தரகர் குலவீரசிங்கம்.
நான் நடந்து பார்த்தேன். பதினொன்று.
மாரியில் மதகு மூடினால் அதுவும் பொய்.

பரந்தனில் பழைய வீடு.
ஐந்து அறை, இரண்டுக்குத்தான் கூரை.
எண்பத்தொன்றில் கட்டியது,
பிறகு கட்டக்கட்ட உடைந்தது.
சொந்தக்காரர் ஸ்காபரோவில்.
அவருடைய அற்றோர்ணியின் கையில்
பெரிய திறப்புக் கோர்வை.
பூட்டுத்தான் ஒன்றுமில்லை.

"ஐயா வரேல்லையோ?"
மூன்றாம் தரமும் கேட்டார் தரகர்.
வங்கிக் கடன் என் பெயரில்,
விடிய ரயிலேறி வவுனியாவுக்கு
வேலைக்குப் போகிறவளும் நான்தான்
என்றதும்
கிணற்றைக் காட்டப் போய்விட்டார்.

குசினியில் அண்ணாந்தேன்.
தீராந்தி இருக்கவேண்டிய இடத்தில்
தண்டவாளம்.
பங்கருக்குக் கழற்றினதாம்.
பங்கர் தூர்ந்தபின் கூரைக்கு ஏற்றினதாம்.
ஆர் ஏற்றினது என்று அற்றோர்ணி சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ரயிலே வராத இருபத்துநாலு வருஷத்தில்
எத்தனை பேர் உலை வைத்த கரியோ
அதன் வயிறெல்லாம்.

"அரசாங்கச் சாமான்.
உறுதியில் இதையும் எழுதுவியளோ?"
அவர் சிரிக்கவில்லை.
அம்பதாயிரம் குறைத்தார்.

இன்னும் குறைப்பார் என்று நினைக்கையில்
ரயில் போனது.
அடுப்பில்லாத அந்தக் குசினியில்
மேலிருந்து கொஞ்சம் கறள் உதிர்ந்து
என் அளவு நாடாவில் விழுந்தது.

ஊதிவிட்டு
ஜன்னலை அளந்தேன்.
மூன்றடி ஒன்பது.
திரைச்சீலை புதிதாய்த்தான் தைக்கவேண்டும்.