காற்று அடிக்கும் பக்கம்

புந்தா அரேனாஸில் மரங்கள் எல்லாம்
ஒரே பக்கம் தலை சாய்த்து வளரும்.
காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நேவெனுக்கு மூன்று வயதில்
நான்தான் கயிறு.

கதவு என்றால் அப்போது அவனுக்குத் துரோகம்.
குளியலறைக்குள் நான் போனால் போதும்,
கீழிடுக்கில் நாலு விரல் நுழையும்.
“அம்மா, இருக்கியா?”
இருக்கேன்.
“இன்னும் இருக்கியா?”
நண்டுத் தொழிற்சாலையில் பத்து மணி நேரம்
ஓடு உடைத்து மரத்த கை
நுரையோடு குனிந்து
அந்த விரல்களைத் தொடும்.
அப்புறம்தான் முகம் கழுவ முடியும்.

நாலு வயதில் பொய் வந்தது.
உதடெல்லாம் ருபார்ப் ஜாமோடு நின்று
பூனை தின்றது என்றான்.
எங்களுக்குப் பூனை கிடையாது.
அன்றிலிருந்து ஒன்று இருந்தது.
இரண்டு வருஷம்
வீட்டில் எல்லாவற்றையும் அதுதான் உடைத்தது.

பிறகு சட்டங்கள்.
நடைபாதைக் கோட்டை மிதிக்கக் கூடாது.
சிவப்புத் தகரக் கூரை வந்தால்
அதைத் தாண்டும்வரை மூச்சை அடக்க வேண்டும்.
ஒருநாள் நான் மறந்து மூச்சு விட்டேன்.
நான் செத்துவிடுவேன் என்று
நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான்.
ஏழு வயது.

பத்தில்,
பள்ளிக்கு ஒரு தெரு முன்பாக
என் கையை விட்டான்.
உதறவில்லை.
சட்டைப்பையில் எதையோ தேடுகிறவன்போல
மெல்ல எடுத்துக்கொண்டான்.
பையில் ஒன்றுமில்லை என்று
எனக்குத் தெரியும்,
துவைத்தது நான்.

பதிமூன்றில் குரல் உடைந்தது,
கூடவே இரண்டு தட்டு, ஒரு கதவுக் கீல்.
பூனைமேல் பழி போடவில்லை.
என்மேல் போட்டான்.
வீட்டுக்குள் யாரோ வாடகைக்காரன் நடமாடினான்,
என் மகனின் மச்சத்தைக்
காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

கப்பலிலிருந்து ரமிரோ கூப்பிடுவான்,
பையன் எப்படி என்று.
வளர்கிறான் என்பேன்.
அது பதில் இல்லை, வானிலை.

இப்போது பதினைந்து.
அவன் பேச்சில் மிஞ்சியது ஒரே எழுத்து:
ம்.
அதையே ஏழு விதமாகச் சொல்வான்.
ஐந்தைக் கற்றுக்கொண்டேன்.

இரவில் அவன் கதவுக்குக் கீழே
வெளிச்சம் ஒரு கோடாகக் கிடக்கும்.
இந்தப் பக்கம்
காலுறையோடு, சத்தமில்லாமல் நான்.
இருக்கியா என்று
வாய்வரை வரும்.
விரல் நுழைக்கிற வயதா எனக்கு?
போய்ப் படுப்பேன்.

நேற்று மாவு வாங்கப் போனோம்.
அவன் பத்தடி முன்னால்,
காதில் பாட்டு,
இந்த அம்மாளை முன்பின் பார்த்திராதவன்போல.
கடற்கரைச் சாலை திரும்பும் முனையில்
காற்று ஆளைத் தூக்கும்.
நேற்று கயிறு கட்டியிருக்கவில்லை.

அங்கே நின்றான்.
காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து,
ஒரு காலை மதில்மேல் ஊன்றி,
பூட்ஸின் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினான்,
நான் அவன் மறைவுக்குள்
வந்து சேரும்வரை.

ரப்பர் பூட்ஸ் அது.
நாடாவே கிடையாது.

“முடிஞ்சுதா?” என்றேன்.
“ம்” என்றான்.

ஆறாவது.